செப்டம்பர் கடைசியில் ஏசி தேவையா

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தாங்கள் நலமா? நாங்கள் நலம்.

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். பதினைந்து மாதத்தில் நாற்பது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கிழியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மருத்துவக் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு தபால் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அப்பாவின் உடலை வைத்துப் படித்த மாணவர்களுக்குப் படிப்பு முடிந்துவிட்டதாம். செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரி ஹாலில் நினைவுக் கூட்டம். மத்தியானம் சாம்பலைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒப்படைத்தபோது நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வாங்கும்போதும் இரண்டு பேரும் நேரில் வந்தால் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள்.

உங்களுக்கு அங்கிருந்து எட்டு மணி நேர ரயில். எனக்குப் பதினொன்று. முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தால்தான் காலைக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஆக இரண்டு ராத்திரி தங்க வேண்டும். கல்லூரிக்கு எதிரே நடக்கிற தூரத்தில் ஒரே ஒரு ஹோட்டல். அந்த வாரம் நம்மைப் போலப் பல குடும்பங்கள் வருவதால் இரண்டு ரூம்தான் பாக்கி. முதல் மாடியில் ஒரு ஏசி ரூம். மூன்றாம் மாடியில் ஒரு சாதா ரூம். இரண்டிலும் இரண்டிரண்டு கட்டில். இப்போதைக்கு இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறேன். செப்டம்பர் இருபதுக்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும்.

கடைசிப் பத்தி இதுதான். அது இலையுதிர்காலத் தொடக்கம். வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஏசி ரூம் வேண்டுமா, சாதா ரூம் போதுமா? இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. போன வருஷம் மே மாதம் நீங்கள் போனில் சொன்ன "ஏசி ஓடலைடா" இன்னும் காதிலேயே நிற்கிறது. ஆனால் ஹோட்டல்காரர் கேட்கிறார். அவருக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
தம்பி


ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

சாதா ரூம் போதும்.

இதோடு மூடி ஒட்டியிருப்பேன். ஒரு முழுத்தாளில் ஒரு வரி எழுதி அனுப்பினால் அஞ்சல்காரருக்கே கஷ்டமாக இருக்கும் என்பதால் மேலே எழுதுகிறேன்.

என்னைத் தாங்கள் என்று எழுதாதே. லீவு கேட்டு மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. உனக்கு மூக்கு ஒழுகிய நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். துடைத்துவிட்டவளே நான்தான்.

போன் எடுக்காதது கோபத்தினால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நினைத்துக்கொள். நீ ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்பாய். எனக்கு அது ஆகாது. நேரில் பார்க்கும்போதும் கேட்காதே. இதை ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொள்.

கடை அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடிக்கடைக்கு என்ன புது சமாச்சாரம் வரப்போகிறது. லென்ஸில் நடுப்புள்ளி வைக்கிறேன், மெஷினில் விளிம்பு அறுக்கிறேன், ஃபிரேமில் மாட்டுகிறேன், சரிபார்க்கிறேன், மறுபடியும் சரிபார்க்கிறேன். முன்பு இரண்டு தடவை பார்ப்பேன். இப்போது நாலு தடவை. முதலாளி, "உங்க வேலையில தப்பே வராதும்மா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சொல்லும்போது நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

கல்லூரிக் கடிதம் எனக்கும் வந்தது. படித்ததும் அப்பா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட லேபில் பீக்கர் கழுவி, எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டினார். ஒரு நாள்கூட அவரைப் பாடம் எடுக்க விடவில்லை. "உயிரோட இருக்கறப்ப நடத்த விடலை, போனப்புறமாவது நடத்துறேன்" என்று சொல்லித்தானே கையெழுத்துப் போட்டார். இப்போது வாத்தியார் வேலை முடித்துத் திரும்புகிறார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இந்தப் பதினைந்து மாதமும் கைக்குட்டை எடுத்துப் போன இடத்தில் எல்லாம் வரவில்லை.

ஏசி வேண்டாம். செப்டம்பர் கடைசியில் எதற்கு ஏசி.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

சரி, தாங்கள் வேண்டாம்.

ஆனால் செப்டம்பர் கடைசியில் எதற்கு ஏசி என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஏசித் தொழிலை விட்டவன் பேசக் கூடாதுதான், இருந்தாலும் கேள். கோடை போய்விட்டது என்று காற்றுக்குத் தெரியும். சுவருக்குத் தெரியாது. நாலு மாதம் குடித்த சூட்டைக் கான்கிரீட் அக்டோபர் நடுவரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். பழைய பேப்பர்களைப் புரட்டி ஐந்து வருஷத்துக் கணக்கு எடுத்தேன். அந்த ஊரில் செப்டம்பர் கடைசி வாரம் விடியற்காலை பதினெட்டு, பத்தொன்பது டிகிரி. மத்தியானம் மூன்று மணிக்கு முப்பத்திரண்டு. ஒரு வருஷம் முப்பத்தைந்துகூடப் போயிருக்கிறது. சாதா ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல். சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் நுழைந்தால் என் அடுப்புப் பக்கம் நுழைந்த மாதிரி இருக்கும்.

அடுப்பு என்றதும் சொல்கிறேன். நான் இப்போது பிஸ்கட் கம்பெனியில் இருக்கிறேன். அறுபது அடி நீளத்துக்கு ஓவன். மாவு ஒரு பக்கம் பெல்டில் ஏறி மறுபக்கம் பிஸ்கட்டாக இறங்கும். இறங்குகிற பக்கம் நின்று கருகினதைப் பொறுக்குவது என் வேலை. பகல் ஷிஃப்ட். மூளைக்கு வேலையில்லை. அதுதான் வசதி.

டூல் பையை எனக்குக் கீழே வேலை கற்ற ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். கேஜ், ஸ்பேனர் செட், கேஸ் சிலிண்டர் எல்லாம் போய்விட்டது. கழுத்தில் போடுகிற கம்பெனி அடையாள அட்டை மட்டும் மிச்சம், போட்டோ ஒட்டி "ஏசி மெக்கானிக்" என்று போட்டது. அதை யாருக்குக் கொடுப்பது. பர்ஸில் கிடக்கிறது.

நீ மன்னிப்பைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய். கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அப்பா ரூம் ஏசி மே மாதம் முதல் வாரம் நின்றுபோனது. வந்து பார்த்தேன். கெப்பாசிட்டர், அதாவது மெஷினை உதைத்துக் கிளப்பிவிடுகிற சின்ன டப்பா, போயிருந்தது. புதுசு வாங்கி மாட்டியிருக்க வேண்டும். கடை அடைத்திருந்தது. வேறு ஒரு வீட்டில் கழற்றின பழையது பையில் இருந்தது, அதை மாட்டினேன். இருபது நிமிட வேலை. "அடுத்த வாரம் புதுசு போட்டுடறேன்ப்பா" என்றேன். "ஸ்பேனர் சொன்னா சரி" என்றார், என்னை அவர் அப்படித்தானே கூப்பிடுவார். அடுத்த வாரம் வரவே இல்லை. பழைய டப்பா உச்சி வெயிலில் மெஷினைக் கிளப்பாமல் கைவிட்டுவிடும். அப்பா போன மறுநாள் காலை குளிர்ச்சியில் நான் வந்து போட்டுப் பார்த்தபோது சமர்த்தாக ஓடியது. ஊரெல்லாம் ஏசி மாட்டிவிட்டு, சொந்த அப்பாவுக்குக் கழற்றின சாமானைப் போட்டவன் நான்.

பத்து வயதில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டு மேசையை எரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகுதானே அம்மா கதவுக்கு வெளியே மெயின் சுவிட்ச் பக்கத்தில் காகிதம் ஒட்டினாள். "கடைசியாக இறங்குகிறவர் மெயினை இறக்க வேண்டும்." நம் வீட்டில் கரண்டு சம்பந்தப்பட்ட எந்தக் கெடுதலுக்கும் மூலம் நான்தான்.

உன் மருமகள் இரண்டாம் வகுப்பு போகிறாள். அத்தை எப்படி இருப்பாங்க என்று கேட்கிறாள், மறந்துவிட்டாள் போல. அவள் அம்மா, "அண்ணிக்கு ஏசி ரூமே போடுங்க, வயசான காலத்துல வேர்த்துக் கொட்டினா நல்லாவா இருக்கும்?" என்கிறாள்.

ஏசி ரூம் போட்டுவிடவா?

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

முதலில் உன் வீட்டுக்காரியிடம் சொல். எனக்கு நாற்பத்தாறுதான். வயசான காலம் வரும்போது நானே தகவல் சொல்லி அனுப்புகிறேன்.

ஏசி வேண்டாம். காரணம் வேண்டுமானால் எழுதிக்கொள். ஏசிக் காற்று பட்டால் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. போர்வையில் யாரோ ஒருவருடைய தலை எண்ணெய் வாடை அடிக்கும். கடையில் நாள் முழுக்க ஏசியில்தானே இருக்கிறாய் என்று நீ கேட்பாய். கேட்காதே.

உன் கடிதத்தை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். கெப்பாசிட்டர் பற்றி எழுதின இடத்துக்கு மேல் போக முடியவில்லை. ஏன்டா இவ்வளவு விவரமாக எழுதுகிறாய். அரைத்ததையே அரைத்துக்கொண்டு. அந்த அடுப்பு வேலையும் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் ஊருக்குக் குளிர்ச்சி கொடுத்தவன் எதற்கு அங்கே போய் நிற்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. விடு. அந்த வேலையை விடு.

நேற்று ஹோட்டலுக்கு நானே போன் செய்தேன். சாதா ரூம் அவ்வளவு மோசமா என்று கேட்கத்தான். ரிசப்ஷன் பெண்ணுக்குச் சின்ன வயசு, குரலில் தெரிந்தது. சாதா ரூமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏசி ரூமைப் பற்றிப் பத்து வார்த்தை சொன்னாள். சாவிக்குப் பதில் ஒரு அட்டை கொடுப்பார்களாம். உள்ளே நுழைந்ததும் கதவுப் பக்கத்தில் ஒரு பொந்து இருக்கும், அதில் அட்டையைச் சொருகினால்தான் கரண்டு வருமாம். "வெளிய போறப்ப கார்டை எடுத்துட்டாப் போதும் மேடம். ஏசி, லைட்டு எல்லாம் தானா நின்னுடும். நீங்க எதையும் ஞாபகம் வச்சுக்கவே வேண்டாம்" என்றாள். பெருமையாகச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ரூமில் நான் தங்க மாட்டேன். மேற்கு ஜன்னல், மொட்டை மாடி, முப்பத்தைந்து டிகிரி, எல்லாம் பரவாயில்லை. வேர்த்தால் துடைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லா விளக்கும் பகலிலேயே எரிகிறது என்று கீழ்வீட்டு டெய்லர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "ஆள் இல்லாத வீட்டுல யாருக்கும்மா ஃபேன் ஓடுது?" என்கிறார். ஓடட்டும் என்றேன்.

அக்கா


செப்டம்பர் 5

அக்காவுக்கு,

புரிந்துகொண்டேன். எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் புரியும்.

மூக்கு அடைப்பதும் இல்லை, கழுத்துப் பிடிப்பதும் இல்லை. உன் கடையில் அந்த ஏசியை மாட்டினதே நான். நேர் கீழே உட்கார்ந்து எட்டு வருஷமாக வேலை செய்கிறாய். என்னோடு ஒரே ரூமில், தலைக்கு மேல் ஒரு ஏசி ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடி இரண்டு ராத்திரி படுத்திருக்க உன்னால் முடியாது. அந்தச் சத்தம் நின்றாலும் கஷ்டம், ஓடினாலும் கஷ்டம். என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று மூக்கு, கழுத்து, எண்ணெய் வாடை என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு உனக்கு. எப்போதும் அப்படித்தான்.

கல்லூரி ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். ஒருவர் வர முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம். எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பார், இரண்டாவது தாள். அதைக் காட்டினால் பெட்டியை உன் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்பாவை நீ வாங்குவதுதான் நியாயம். இரண்டு வருஷம் ஊட்டிவிட்டு, ஊசி போட்டு, திருப்பிப் படுக்கவைத்தது நீ. நான் வந்துபோனவன்.

நான் வரவில்லை. ஆகவே ஏசி ரூமை விட்டுவிடுகிறேன். சாதா ரூம் உன் பேரில் இருக்கட்டும். ராத்திரி ஜன்னலையும் கதவு மேல் இருக்கிற சின்ன ஜன்னலையும் சேர்த்துத் திறந்து வை, காற்று குறுக்கே ஓடும். சாயங்காலம் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடச் சொல்.

சொல்ல வருத்தமாக இருக்கிறதா என்றால் அப்படியும் இல்லை. ஓவன் பக்கம் நின்று நின்று கையில் சூடு படுவதே தெரிவதில்லை. போன வாரம் தட்டைத் தொட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன், பக்கத்து ஆள் கத்தினபிறகுதான் எடுத்தேன். அது மாதிரிதான் இதுவும்.

சாம்பலை எங்கே கரைப்பது என்று நீயே முடிவு செய். இனிமேல் எழுதி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

தம்பி


செப்டம்பர் 12

தம்பி,

ஏசி ரூமை விடாதே. நீ அனுப்பிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன், இரண்டாவது தாளை. இதை முழுசாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

உன் கெப்பாசிட்டர் நன்றாக இருந்தது. மே 9 காலையிலும் ஏசி ஓடியது. நீ மாட்டின நாளிலிருந்து ஒரு நாளும் அது நிற்கவில்லை. மறுநாள் நீ கழற்றிப் பார்த்துத் திரும்ப மாட்டின அதே டப்பாவோடு இன்றைக்கும் ஓடுகிறது. நான் இதை எழுதும்போது அந்த ரூமில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று காலை அப்பாவுக்கு ஊட்டி, ஊசி போட்டு, ஏசிக்காக ஜன்னல் எல்லாம் சாத்தினேன். "சூப்பிரண்டு, உனக்கு லேட்டாயிடுச்சு, கெளம்பு" என்று, எனக்கு வைத்த பட்டப்பேரைச் சொல்லி விரட்டினார். பூட்டிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் ஞாபகம் வந்தது. ஒரு டீச்சரம்மாவின் கண்ணாடியை ஸ்க்ரூ முடுக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், அது மேசையிலேயே இருந்தது. திரும்ப ஏறினேன். அதற்குள் அப்பா தூங்கிவிட்டார். கண்ணாடியை எடுத்தேன், கதவைச் சாத்தினேன், பூட்டினேன், இறங்கினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பூட்டுக்கும் முதல் படிக்கும் நடுவில் என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். அம்மாவின் சட்டம் நம் கையில் எழுதியிருக்கிறது. காகிதம் விழுந்து இருபது வருஷம் ஆச்சு, பசைத் தடம் மட்டும்தான் இருக்கிறது, ஆனாலும் பூட்டினால் கை மெயினுக்குப் போகும். அப்பா விழுந்து படுத்த பிறகு தினமும் போகும், தினமும் நான் இழுத்துக்கொள்வேன். உள்ளே அப்பா இருக்கிறார், ஊசி மருந்துக்காக வாங்கின ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அன்றைக்கும் முதல் தடவை இறங்கும்போது சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

வழக்கமாக ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவேன். அன்று கடையில் கண் பரிசோதனை முகாம், வாசல் வரைக்கும் கூட்டம். போன் செய்தேன். எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளின் கண்ணுக்கு அளவு எடுத்தேன். நாலரை மணிக்குப் படியேறினால் மெயின் இறங்கிக் கிடக்கிறது. முதலில் எனக்கு டெய்லர்மேல்தான் கோபம் வந்தது. அவர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

மெயினைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். நான் உள்ளே நுழையும்போது ஏசி கிளம்புகிற சத்தம் கேட்டது. ரூம் கொதித்தது. டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. அப்பாவின் வலது கை கட்டிலுக்கு வெளியே இருந்தது, அது மட்டும்தான் அவருக்கு அசைகிற கை. யாரையாவது கூப்பிட்டிருப்பார். சாத்தின ஜன்னலுக்குள்ளிருந்து யாருக்குக் கேட்கும்.

உனக்குப் போன் செய்தேன். "ஏசி ஓடலைடா" என்றேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் சொல்லவும் இல்லை. பிறகு சமையலறைக்குப் போனேன். ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் நின்றது. துணி எடுத்துத் துடைத்தேன். கெட்டுப்போன பாலை ஊற்றி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். நீ வருவதற்கு முன்னால். மெயினை மறதியில் இறக்கினேன் என்று சொல்லலாம். துடைத்ததற்கு என்ன சொல்வது.

மறுநாள் எல்லோரும் இருக்கும்போது நீ ஏசியைக் கழற்றிப் பார்த்தாய். கையில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு, "என்னோட கெப்பாசிட்டர்தான்க்கா" என்றாய். இல்லைடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டேன். யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். அதற்குப் பிறகு சொல்கிற நேரம் ஒன்று வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்பாய், எனக்கு உன்மேல் எரிச்சல் வரும். எதற்கு இவன் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டான், கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே என்று. இப்படியும் ஒருத்தி இருப்பாளா. இருக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியை விட்டவன் நீ, அதனால்தான் அந்தச் சட்டம், அதனால் சுற்றி வளைத்துப் பார்த்தால் காரணம் நீதான் என்றுகூட ஒரு மாதம் நினைத்துப் பார்த்தேன். உன் தலையில் கட்டப் பார்த்தேன். நிற்கவில்லை.

அந்த ஹோட்டல் ரூம் ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது புரியும். கதவைத் தாண்டும்போது கரண்டை எடுத்துக்கொண்டு போக வேண்டிய ரூம். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள் அந்தப் பெண்.

நீ வா. என்னோடு பேச வேண்டாம். அப்பாவை வாங்க வா. எனக்கு அழுகை இன்னும் வரவில்லை, இதை எழுதும்போதுகூட. 

அக்கா


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. இன்று வெள்ளி. அதற்கு முன் எழுத வரவில்லை.

திங்கள்கிழமை ஒன்றும் தோன்றவில்லை. படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை கோபம் வந்தது. பதினாறு மாதம், அக்கா. பதினாறு மாதம் நான் அறுபதடி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். என் மகள் பள்ளிக்கூடத்தில், "அப்பா முன்னாடி ஏசி மெக்கானிக், இப்ப இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "தப்பு பண்ணிட்டாங்களாம்" என்றாளாம். மெயினை இறக்கினதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. என் கையும் அந்தக் கைதான், நானும் இந்த வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இன்றைக்கும் சுவரைத் தடவுகிறேன். தண்ணீரைத் துடைத்ததைத்தான் விழுங்க முடியவில்லை. அதை எழுதாமல் விட்டிருக்கலாம் நீ. எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. எழுதியிருக்கிறாய்.

என் மேலும் கோபம் வந்தது. அந்த டப்பாவை மீட்டரில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். பதினெட்டு வருஷம் தொழில் செய்தவன், ஒரு சாமானை அளந்து பார்க்காமலேயே கெட்டது என்று முடிவு கட்டினேன். வேறு யார் வீட்டிலாவது அப்படிச் செய்திருப்பேனா.

மன்னித்தேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். மன்னிக்க மாட்டேன் என்று எழுதினேன், அதுவும் சரியாக வரவில்லை. ரயிலில் பதினொரு மணி நேரம் இருக்கிறது. ஏதாவது ஒன்று வரலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் அப்படியே வந்து இறங்குகிறேன்.

புதன்கிழமை பேக்கிங் ஹாலில் ஏசி நின்றுவிட்டது. சாக்லெட் பூசின பிஸ்கட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து ஆள் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். சூப்பர்வைசரிடம் போய் ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். கெப்பாசிட்டர்தான். மாட்டுவதற்கு முன்னால் மீட்டரில் வைத்து அளந்தேன். மூன்று தடவை அளந்தேன்.

இப்போது ஹோட்டல் விஷயம். சாதா ரூமை விட்டுவிட்டேன். ஏசி ரூம்தான், முதல் மாடி, வடக்குப் பார்த்த ஜன்னல். 25-ஆம் தேதி சாயங்காலம் உன் ரயில் ஆறு பத்துக்கு வரும். என்னுடையது ஐந்தரைக்கு. ஸ்டேஷனில் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிறேன். அந்தப் பொந்தில் கார்டை நான் சொருகுகிறேன். கூட்டத்துக்குக் கிளம்பும்போதும் நானே எடுக்கிறேன். எடுப்பதற்கு முன்னால் நீ உள்ளே ஒரு தடவை பார். குளியலறையையும் பார். யாரும் இல்லை என்று வாய்விட்டுச் சொல். அதற்குப் பிறகுதான் எடுப்பேன். அவசரமே இல்லை.

26 மத்தியானம் பெட்டி கைக்கு வந்துவிடும். ரூமுக்குக் கொண்டுபோய் மேசை மேல் வைப்போம். சாயங்காலம் நாம் கீழே சாப்பிடப் போகும்போது அப்பா ரூமில் இருப்பார். அந்த நேரத்துக்குத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொந்தைப் பற்றி ரிசப்ஷன் பெண்ணுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி பல ஹோட்டலில் வேலை பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு சின்ன பட்டன்தான் இருக்கும். சாவிக் கார்டுதான் வேண்டும் என்று இல்லை, அந்த அளவில் எந்த அட்டையைச் சொருகினாலும் கரண்டு நிற்காது. என் பழைய அடையாள அட்டை பர்ஸில்தான் இருக்கிறது. அதைச் சொருகிவிட்டு வருவோம்.

செப்டம்பர் கடைசியில் ஏசி தேவையா என்று கேட்டால், தேவையில்லை. நீ முதலில் சொன்னதுதான் சரி. இருந்தாலும் நாம் சாப்பிட்டுத் திரும்பி வருகிறவரைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஸ்பேனர்